மேசையில் இருக்கை உண்டு, வாக்கு இல்லை: ஒன்ராறியோவின் மாணவர் அறங்காவலர் சேவையைப் பாவித்துப் பார்த்த ஒரு தகப்பனின் மதிப்புரை

சனிக்கிழமை காலையில் மகளை நான் கொண்டுபோய் விடும் தமிழ்க் கிரெடிட் வகுப்பு (உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமாவுக்குக் கணக்கில் சேரும் தமிழ்ப் பாடம்) நடக்கும் உயர்நிலைப் பாடசாலையில், இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரேயொரு மலசலகூடத்தைத்தான் திறந்து வைத்திருந்தார்கள். தமிழ், உருது, சீனம் என்று நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மூன்றரை மணி நேரம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். இடைவேளையோ பதினைந்து நிமிடம். பெண் பிள்ளைகளின் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. நான் அலுவலகத்தில் கேட்டேன். சனிக்கிழமைத் துப்புரவுப் பணியாளரின் நேரம் குறைக்கப்பட்டுவிட்டது என்றும், அது தங்கள் கையில் இல்லை என்றும் பதில் வந்தது. வகுப்பு ஆசிரியைக்கும் அதுதான் பதில். அப்போதுதான் மகள், "எங்களுக்கென்று ஒரு ஸ்டூடன்ட் ட்ரஸ்டி இருக்கிறாராமே, அவருக்கு எழுதிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது. உணவகங்களுக்கும் வாகனம் திருத்தும் இடங்களுக்கும் நட்சத்திரம் போடுகிற நாம், நமது வரிப்பணத்தில் நடக்கும் இப்படிப்பட்ட பொதுச் சேவைகளைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுதுவதில்லை. எழுதாததற்கு ஒரு காரணம், இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் மூத்தவன் உயர்நிலைப் பாடசாலையில் படித்த நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆங்கிலப் பொதுப் பாடசாலைகளுக்கு 31, ஆங்கிலக் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு 29, பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கு 12 என மொத்தம் 72 மாவட்டக் கல்விச் சபைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றையும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாநகர சபைத் தேர்தலோடு சேர்த்து நாம் தெரிவு செய்யும் அறங்காவலர்கள் ஆள்கிறார்கள். ட்ரஸ்டி என்று நாம் சொல்வது இவர்களைத்தான். அந்த அறங்காவலர்களின் மேசையிலேயே, மாணவர்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் முதல் மூவர் வரையிலான மாணவர் அறங்காவலர்கள் இருக்க வேண்டும் என்கின்றன கல்விச் சட்டத்தின் 55ஆம் பிரிவும் அதன் கீழுள்ள ஒழுங்குவிதியும். எத்தனை பேர் என்பதைச் சபை முடிவு செய்யலாம். ஒருவரும் வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாது. மேல் வகுப்புகளில் முழு நேரமாகப் படிக்கும் எவரும் போட்டியிடலாம். ஆகஸ்ட் முதலாம் திகதி பதவி தொடங்குகிறது. முழுப் பதவிக் காலத்துக்கும் 2,500 டொலர் மதிப்பூதியம். பாவிக்கும் மாணவருக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இந்த இருக்கை வந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1997ஆம் ஆண்டு மைக் ஹரிஸ் அரசு கொண்டுவந்த 160ஆம் இலக்கச் சட்டமூலத்தை, அந்தக் காலத்தில் இங்கு பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அதை எதிர்த்து மாகாணம் முழுவதும் ஆசிரியர்கள் இரண்டு வாரம் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். கல்வி வரியின் அளவைத் தீர்மானிக்கும் உரிமையைச் சபைகளிடமிருந்து பிடுங்கி மாகாண அரசிடம் கொடுத்தது அந்தச் சட்டந்தான். மாணவர் பிரதிநிதிக்குச் சபையில் கட்டாய இடம் தந்ததும் அதே சட்டந்தான். மேசையில் இருந்த பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் ஒரு கதிரை போட்டார்கள் என்று நான் சொன்னால் அது கொஞ்சம் குதர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே காகிதத்தில் நடந்தன. அப்போது அந்தப் பிரதிநிதிக்கு உட்கார்ந்து பேசுவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கொடுக்கப்படவில்லை. இன்றைக்குள்ள உரிமைகளில் பெரும்பாலானவை 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. மாகாணம் முழுவதிலுமுள்ள மாணவர் அறங்காவலர்கள் 2000ஆம் ஆண்டளவிலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்தபோது மாணவத் தலைவர்களுக்குச் சட்டைப்பையில் குத்த ஒரு சின்னமும், பிந்தி வருபவர்களின் பெயரை எழுத ஒரு கொப்பியும் கிடைத்தன. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் என எல்லாரும் இருந்தார்கள். படித்து முடித்தவருக்கு அங்கே இடம் இருந்தது, படித்துக்கொண்டிருப்பவருக்கு இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த என் தலைமுறைப் பெற்றோர், ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கல்விப் பணிப்பாளரைப் பார்த்து, "நீங்கள் சொன்ன கணக்கு போன மாதக் கணக்கோடு பொருந்தவில்லையே" என்று கேட்பதை முதன்முதல் காணும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத்தான் செய்வார்கள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மகளின் மின்னஞ்சலுக்கு வருகிறேன். சபையின் இணையத்தளத்தில் மாணவர் அறங்காவலரின் பக்கத்தைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் போயிற்று. அறங்காவலர்களின் பட்டியலில் அவர்கள் இல்லை. "மாணவர் குரல்" என்ற தலைப்பின் கீழ் இன்னொரு மூலையில் இருந்தார்கள். அதிலிருந்த படம் முந்தைய ஆண்டுக்காரரின் படம். எழுதிய கடிதத்துக்கு முதல் ஒன்பது நாள் பதிலில்லை. மகள் மறுபடி எழுதினாள். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, தனக்கு இரண்டு பாடங்களில் இடைத்தவணைப் பரீட்சை இருந்ததை ஒளிக்காமல் சொல்லி, மூன்று கேள்விகள் கேட்டிருந்தார் அந்தப் பிள்ளை. எந்தக் கட்டடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மற்ற மலசலகூடங்கள் பூட்டியிருக்கும் படம் ஏதாவது உண்டா? எந்த அலுவலகமும் எங்களிடம் அதுவரை கேட்காத கேள்விகள் அவை. அடுத்த சனிக்கிழமை மகள் நான்கு படம் எடுத்து அனுப்பினாள். அதில் ஒன்றில் வரிசையின் வால் தெரிந்தது.

அடுத்த சபைக் கூட்டத்தை நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து நேரலையில் பார்த்தோம். மாணவர் அறங்காவலரின் அறிக்கை நிகழ்ச்சி நிரலில் முன்பகுதியிலேயே வந்தது. ஐந்து நிமிடத்தில் அவர் ஆறு விடயங்களைச் சொன்னார். நான்காவது எங்களுடையது. "சனிக்கிழமைகளில் மொழி வகுப்புக்கு வரும் மாணவர்களும் இந்தச் சபையின் மாணவர்கள்தான்" என்று தொடங்கி, பாடசாலையின் பெயரையும் நேரத்தையும் சொல்லி, பொறுப்பான கல்வி அத்தியட்சகர் எழுத்தில் பதில் தர முடியுமா என்று கேட்டார். அத்தியட்சகர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, மேல் மாடி மலசலகூடத்தின் கதவு மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஆரம்ப மின்னஞ்சலில் இருந்து மரக்கட்டை வரை நாற்பத்தேழு நாள். இதைத் தாமதம் என்று சொல்வதா, விரைவு என்று சொல்வதா என்பது நீங்கள் கல்விச் சபைகளோடு முன்பு பழகியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

இதில் வாக்கு ஒன்றும் சம்பந்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மாணவர் அறங்காவலருக்குக் கட்டுப்படுத்தும் வாக்கு இல்லை என்பதுதான் இந்தச் சேவையைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்லும் குறை. சட்டம் அதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது: அவர் சபையின் உறுப்பினர் அல்லர்; பிரேரணை கொண்டுவரும் உரிமையும் அவருக்கு இல்லை. ஆனால் அதற்கடுத்த வரிகளில் இருப்பதைத்தான் நான் இந்தச் சேவையின் சிறந்த அம்சம் என்பேன். அவர் ஒரு பிரேரணையை ஆலோசனையாக முன்வைக்கலாம். அதை எந்த உறுப்பினரும் எடுத்து முன்மொழியாவிட்டால், இன்ன ஆலோசனை சொல்லப்பட்டது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிந்தே ஆக வேண்டும். அதேபோல, சபையின் முன் உள்ள ஒரு விடயத்துக்குப் பெயர் குறித்த வாக்கெடுப்பு வேண்டும் என்று அவர் கேட்கலாம். கேட்டால், இரண்டு வாக்கெடுப்பு நடக்க வேண்டும்: மாணவரின் வாக்கையும் சேர்த்துக் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு ஒன்று, மாணவரின் வாக்கைச் சேர்க்காத, கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு இன்னொன்று. இரண்டும் பெயரோடு பதியப்படும்.

வாசிக்கும்போது இது ஒரு சடங்கு போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக் கூட்டம் ஒன்றின் பதிவைப் பின்னொரு நாள் ஓட்டிப் பார்க்கும் வரை. பாடசாலை பாடசாலையாகப் போய் வாத்தியம் பழக்கும் இசையாசிரியர்களின் நேரத்தைக் குறைக்கும் ஒரு வரி அந்த ஆண்டின் பாதீட்டில் இருந்தது. ஒரு மாணவர் அறங்காவலர், அந்த வரியை மட்டும் பிரித்தெடுத்து ஒரு மாதம் ஒத்திவைத்து மாணவர்களிடம் கருத்துக் கேட்கலாம் என்று ஆலோசனை சொன்னார். தலைவர், "இதை முன்மொழிபவர் உண்டா?" என்று கேட்டார். யாரோ தண்ணீர்ப் போத்தலைத் திறக்கும் ஓசை ஒலிவாங்கியில் கேட்டது. ஒரு உறுப்பினர் தன் காகிதங்களை அடுக்கினார். இன்னொருவர் கமராவை நிறுத்திவிட்டார். தலைவர் இரண்டாந்தரம் கேட்கவில்லை. "பதிந்துகொள்ளுங்கள்" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு மேலே போனார். அப்போது அந்தப் பிள்ளை மறுபடி கை தூக்கி, பாதீட்டுக்குப் பெயர் குறித்த வாக்கெடுப்பு வேண்டும் என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது; ஆனால் பிரிவின் இலக்கத்தைச் சரியாகச் சொன்னார். செயலாளர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, மாணவர் இருவரையும் சேர்த்து எட்டுக்கு ஐந்து என்று வந்தது. பிறகு மறுபடி அதே பெயர்களை, அந்த இருவரையும் விட்டுவிட்டு வாசித்தார். எட்டுக்கு மூன்று. பாதீடு நிறைவேறியது.

எண்ணிக்கையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை நான் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அதே ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதித் தேர்தலுக்கு முன், அந்த எட்டுப் பேரில் ஒருவர் துண்டுப் பிரசுரத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கலைக் கல்விக்காகக் குரல் கொடுத்தவர் என்று அந்தப் பிரசுரத்தில் இருந்தது. ஜூன் மாத வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டேன். அது ஏகமனதாக நிறைவேறிய பாதீடு என்றார். குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தில் ஒட்டியிருந்த பக்கத்தை எடுத்து வந்து காட்டினேன். அதை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, நல்ல மாலைப்பொழுதாக அமையட்டும் என்று வாழ்த்தி அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தப் பிள்ளை கேட்டிராவிட்டால் கைதூக்கி முடித்திருப்பார்கள். யார் எப்பக்கம் என்பதற்கு என்னிடம் காகிதம் இருந்திராது. வாக்கில்லாத ஒருவரால் வாக்குள்ள எல்லாருடைய பெயரையும் எழுத வைக்க முடிகிறது. இந்தச் சேவையில் நான் காசு கொடுத்தும் வாங்கக்கூடிய அம்சம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூடிய கூட்டங்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மாணவர் அறங்காவலரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு உறுப்பினர், ஊழியர், மாணவர் அல்லது பெற்றோரின் அந்தரங்க, தனிப்பட்ட, நிதி விவரங்கள் வெளிவரும் கூட்டத்துக்கு மட்டுமே அவருக்கு அனுமதி இல்லை. பாடசாலைக் காணி வாங்குவது, விற்பது, வழக்கு, ஊழியர்களோடான பேச்சுவார்த்தை போன்றவை மூடிய கதவுக்குள் பேசப்படும்போது அவர் உள்ளே இருக்கலாம். கல்விச் சபைகளை நடத்துகிறவர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பதைப் பதினேழு வயதில் நேரில் கேட்பது சாதாரண விடயம் அல்ல. சபை உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிகளும் வளங்களும் அவருக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. எங்கள் சபையில் அது மடிக்கணினியும் ஒரு மின்னஞ்சல் முகவரியுமாகச் சுருங்கியிருந்தது.

இனிக் குறைகள். மேசையில் இந்தச் சேவை எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறதோ, வகுப்பறையில் அவ்வளவு மோசமாக வந்து சேர்கிறது.

முதலாவது குறை, தெரிவு செய்யும் முறை. மாணவர்கள் எல்லாரும் நேரடியாக வாக்களிப்பதா, அல்லது பாடசாலை மாணவர் மன்றப் பிரதிநிதிகள் மட்டும் கூடித் தெரிவு செய்வதா என்பதை ஒவ்வொரு சபையும் தன் கொள்கையில் வகுத்துக்கொள்ளலாம். எங்கள் சபை இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. பெப்ரவரியில் ஒரு மாலை, ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலையிலிருந்தும் இருவர் போய், வேட்பாளர்களின் மூன்று நிமிடப் பேச்சைக் கேட்டு, வாக்களித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பல்லாயிரம் பிள்ளைகளின் பிரதிநிதியை ஒரு பாடசாலைப் பேருந்தில் பாதிக்குக்கூடக் காணாத பேர் தெரிவு செய்கிறார்கள். மகளின் பாடசாலையிலிருந்து போன மாணவர் மன்றத் தலைவரிடம், "நீ யாருக்குப் போட்டாய்?" என்று அவள் கேட்டாள். நன்றாகப் பேசிய ஒருவருக்கு என்றானாம்; பெயர் அவனுக்கு நினைவில்லை. தன்னைத் தெரிவு செய்தவர்களுக்கே பெயர் நினைவில்லாத ஒரு பிரதிநிதிக்கு, வகுப்பில் இருக்கும் பிள்ளை எப்படிக் கடிதம் எழுதும்?

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு எல்லைக்கு அப்பால் இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹவார்ட் கவுண்டிக் கல்விச் சபையின் மாணவ உறுப்பினரை ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அவருக்குப் பாதீடு, ஆளணி போன்ற சில விடயங்கள் நீங்கலாக உண்மையான வாக்கு உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், பாடசாலையைத் திரும்பத் திறப்பதா என்ற கேள்வியில் அந்தச் சபை நான்குக்கு நான்கு என்று முட்டிக்கொண்டு நின்றது. நான்கில் ஒன்று மாணவரின் வாக்கு. கோபமுற்ற பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் எப்படி வாக்களிக்கலாம் என்பதுதான் அவர்களின் வாதத்தின் சாரம். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு அந்த வாதத்தை ஏற்க மறுத்து, மாணவரின் வாக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பக்கத்து மாவட்டமான மொன்ட்கொமரியில் மாணவ உறுப்பினர் பாதீட்டுக்கும் வாக்களிக்கிறார். கலிபோர்னியாவோ நடுவழியில் நிற்கிறது: மாணவர் தம் விருப்பத்தை வாக்காகச் சொல்லலாம், உறுப்பினர்கள் வாக்களிக்கும் முன்பே அது பதிவாகும், முடிவில் எண்ணப்படாது.

ஒன்ராறியோவுக்கும் முழு வாக்கு வேண்டுமா என்று கேட்டால், நான் உடனே ஆம் என்று சொல்லத் தயங்குவேன். என் தயக்கம் வயதைப் பற்றியது அல்ல. மன்றப் பிரதிநிதிகள் ஒரு மாலையில் கூடிப் போடும் வாக்கில் வந்த ஒருவரின் கையில், பல கோடி டொலர் பாதீட்டில் ஒரு வாக்கைக் கொடுப்பது சரியல்ல. ஹவார்ட் கவுண்டியில் அந்த வாக்கு வலுப்பெறுவது, அதற்குப் பின்னால் பிள்ளைகளின் நேரடி வாக்கு இருப்பதால். முதலில் தெரிவைத் திருத்தட்டும். வாக்கைப் பிறகு பேசலாம். மகள் இதை ஏற்கவில்லை. "பெரியவர்களின் ட்ரஸ்டி தேர்தலில் எத்தனை பேர் பெயர் தெரிந்து போடுகிறார்கள், அப்பா?" என்றாள். மாநகர முதல்வருக்கும் கவுன்சிலருக்கும் புள்ளடி போட்டுவிட்டு, ட்ரஸ்டி வரிசையில் தமிழ்ப் பெயர் இருந்தால் அதற்குப் போட்டு, இல்லாவிட்டால் வெறுமையாக விட்ட தேர்தல்கள் எனக்கு நினைவுக்கு வந்ததால், நான் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது குறை, காலம். ஆகஸ்ட்டில் வருபவர் சபையின் நடைமுறையைப் பிடித்துக்கொள்ளக் கிறிஸ்மஸ் வந்துவிடும். பல்கலைக்கழக விண்ணப்பங்களின் காலமும் அதுதான். பாதீடு ஜூனில் முடியும்போது அவர் பட்டமளிப்பு விழாவுக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்திருப்பார். எங்கள் சபையில் ஓராண்டுப் பதவிதான். இருவரைத் தெரிவு செய்து, ஒருவர் இரண்டாமாண்டில் இருக்க மற்றவர் புதிதாக வருமாறு அமைத்தால், அனுபவம் மேசையிலேயே கைமாறும். எங்களுடைய முதல் மின்னஞ்சலுக்கு ஒன்பது நாள் பதில் வராததற்கு, அதற்கு முந்தைய ஆண்டுக்காரரின் பெட்டிக்கு அது போனதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அலுவல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் இடத்தில்தான் இந்தச் சேவை அதிகம் சிந்துகிறது.

விண்ணப்பப் படிவத்தில் எழுதுவதற்காகவே சிலர் போட்டியிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் நான் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பெற்றோரிடமிருந்துதான் அதிகம், அதுவும் தங்கள் பிள்ளையைப் போட்டியிடச் சொல்லிக்கொண்டே. அதில் பெரிய பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டிப்ளோமாவுக்கு வேண்டிய 40 மணி நேரத் தொண்டைக் கோயில் அன்னதானத்தில் தட்டுக் கழுவி முடிப்பவரும் தட்டைக் கழுவத்தான் செய்கிறார். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணி வரை நீளும் கூட்டங்களில், மறுநாள் காலை எட்டரைக்குப் பௌதிக வகுப்பை வைத்துக்கொண்டு இருக்கும் பிள்ளைக்கு 2,500 டொலர் பெரிய காசு அல்ல. அந்தத் தொகை 2006ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு வந்தது. அன்று அதில் வாங்கிய சாமான்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் இன்று வாங்கலாம்.

மூன்றாவது குறையை மாணவர்களாலோ சபையாலோ திருத்த முடியாது. 2025 ஜூன் இறுதியில் மாகாண அரசு, நாட்டிலேயே மிகப் பெரியதான ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உட்பட நான்கு சபைகளை ஒரே நாளில் மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒன்ராறியோவிலுள்ள லண்டன் நகரப் பகுதியின் தேம்ஸ் வேலிச் சபைக்கும் அதுவே நடந்திருந்தது. நிதி முகாமைத்துவம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். மேற்பார்வையாளர் வந்தால், தெரிவு செய்யப்பட்ட அறங்காவலர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் போய்விடுகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதித் தமிழ்ப் பெற்றோர் வாக்களித்து அனுப்பியவர்களுக்கும் அதே கதிதான். இப்போது 55ஆம் பிரிவை மறுபடி வாசித்துப் பாருங்கள். பெயர் குறித்த வாக்கெடுப்புக் கேட்கும் உரிமை, ஆலோசனையைக் குறிப்பில் பதியவைக்கும் உரிமை, இரண்டும் ஒரு கூட்டம் நடக்கும் என்பதை நம்பி எழுதப்பட்டவை. ஒரே ஆள் அறைக்குள் இருந்து கையெழுத்திட்டு முடிவெடுக்கும்போது யாருடைய பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது? மாணவர் அறங்காவலரின் ஆயுதம் முழுவதும் மற்றவர்களின் பகிரங்கத்திலிருந்து கடன் வாங்கியது. அந்தப் பகிரங்கம் போகும்போது ஆயுதமும் போய்விடுகிறது. பொருளை வாங்கும்போது பெட்டியில் இப்படி ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கவில்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்கு: சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் வடிவத்துக்கு நான்கு, எங்கள் சபையில் கைக்கு வந்து சேர்ந்த விதத்துக்கு இரண்டரை. இதைப் பாவிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விடயங்கள் உதவலாம். கடிதத்தைச் சபையின் பொதுப் பெட்டிக்கு அனுப்பாமல், இந்த ஆண்டுப் பிரதிநிதியின் பெயரை உறுதிசெய்துகொண்டு அவருடைய முகவரிக்கே அனுப்புங்கள். பாடசாலை, நாள், நேரம், படம் ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே வைத்துவிடுங்கள்; அந்தப் பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் இருக்கிறது. சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வெளியாகும் முன் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் அவருடைய ஐந்து நிமிடத்துக்குள் அது இடம்பெறும். கேட்பதை, யாராவது ஒரு அதிகாரி எழுத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பெற்றோர் எழுதாமல் பிள்ளையே எழுதுவது நல்லது. நான் திருத்திக் கொடுத்த வரைவை மகள் தூக்கி எறிந்துவிட்டுத் தன் பாட்டில் எழுதிய ஏழு வரிதான் வேலை செய்தது.

மரக்கட்டை இப்போதும் அதே இடத்தில் இருக்கிறது. மேல் மாடியில் சவர்க்காரம் மட்டும் சனிக்கிழமைகளில் நிரப்பப்படுவதில்லை. அதைப் பற்றிய இரண்டாவது மின்னஞ்சல், இந்த ஆண்டுப் பிரதிநிதிக்கு, போய் ஆறு நாளாகிறது.